"பெண்கள் காரியம்" என்று ஒதுங்கலாமா?



வீட்டில் பேறுகாலம் நெருங்கினால் ஆண்களாகிய நாம், "அது பெண்கள் காரியம்" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிடுகிறோம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்பொழுது போவது, எந்த டாக்டரிடம் காட்டுவது, எவ்வளவு செலவழிப்பது என்று தீர்மானிப்பவர் யார்? நாம்தான். வேதனை அவர்களுக்கு, அதிகாரம் நமக்கு என்றால், பொறுப்பு யாருக்கு?

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். மூத்த பிள்ளையைச் சுமந்திருந்த எட்டாம் மாதத்தில் என் மனைவி, கால் வீங்கியிருக்கிறது, தலை வலிக்கிறது என்றாள். பெருநாள் வியாபார நேரம். "எல்லாருக்கும் வருவதுதானே" என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்துக் கிளினிக்கில் இரத்த அழுத்தத்தைப் பார்த்த நர்ஸ், பேறுகாலப் புத்தகத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அந்நேரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அல்லாஹ்வின் கிருபையால் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த இரண்டு நாளும் கல்லாவில் விழுந்த பணம் எவ்வளவென்று இன்று நினைவில்லை. அந்தச் சிவப்பு நிறம் மறக்கவில்லை.

திருக்குர்ஆன் இவ்வேதனையை மறைக்கவில்லை. பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலி தாளாமல், இதற்கு முன்பே இறந்திருக்கக்கூடாதா என்று அன்னை மர்யம் (அலை) வருந்தியதை 19ஆம் அத்தியாயம் கூறுகிறது. அல்லாஹ் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நீரும் கனியும் அளித்து ஆறுதல் சொன்னான். நாமோ, "எங்கள் தாய்மார் பெறவில்லையா?" என்று கேட்கிறோம்!

நம் தாய்மார் பெற்றார்கள். பலர் பெற்று மடிந்தும் போனார்கள். 1957ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஒரு லட்சம் பிரசவங்களுக்குச் சுமார் 280 தாய்மார் இறந்தனர். 1990களில் அது 50க்கும் கீழே இறங்கியது. கிராமந்தோறும் கிளினிக்குகளும் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகளும் வந்தது ஒரு காரணம். பழைய பீடான்மார்களை விரட்டாமல், அவர்களைப் பதிவுசெய்து, பயிற்சி கொடுத்துத் துணையாக்கிக்கொண்டது மற்றொன்று. ஆனால், வாசற்படியைத் தாண்ட அனுமதி கிடைக்காதவளுக்குப் பக்கத்துத் தெருக் கிளினிக்கும் தூரம்தான்.

"ஆண் டாக்டர் பார்ப்பதா?" என்று சிலர் தயங்குவர். பெண் டாக்டரைத் தேடுவது சரியே. ஆனால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தில், நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்பது ஃபிக்ஹு சட்டமல்லவா? பெண் டாக்டர் வேண்டும் என்போர், தம் மகளின் படிப்பை எந்த வகுப்போடு நிறுத்தினோம் என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும்.

பிரசவத்தில் இறப்பவள் ஷஹீதுகளில் சேர்ந்தவள் என்று ஹதீஸில் வந்துள்ளது. அது அவளுக்குரிய அந்தஸ்து. தாமதித்தவனுக்குக் கிடைத்த மன்னிப்பு அன்று.

நம் கடையில் வேலை செய்யும் பெண்களும் இக்கணக்கில் அடங்குவர். 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 60 நாளிலிருந்து 98 நாளாயிற்று. ஓராண்டு வேலை செய்த, மணமான ஆணுக்கும் ஏழு நாள் உண்டு. சிலர் இதை நஷ்டக் கணக்கில் எழுதுகிறார்கள். சட்டத்துக்கு அஞ்சிக் கொடுப்பதை அல்லாஹ்வுக்கு அஞ்சிக் கொடுத்தால் என்ன? முதலாளியாகிய நமக்கு விடுமுறை கொடுப்பவர் ஒருவருமில்லை. நாமேதான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும்.

வியாபாரிகளாகிய நமக்கு அமானிதம் இன்னதென்று தெரியும். பிறர் ஒப்படைத்த சரக்கு மழையில் நனைந்தால், "அது என் காரியமல்ல" என்று சொல்லித் தப்ப முடியாது. மனைவியும் அவள் வயிற்றுப் பிள்ளையும் அல்லாஹ் ஒப்படைத்த அமானிதம். தீர்மானிக்கும் அதிகாரத்தை நாம் வைத்துக்கொண்டால், கேள்வி கணக்கும் நம்மிடமே. ஆகவே அவள் "வலிக்கிறது" என்று சொன்னால், முதற் சொல்லிலேயே நம்புவோமாக.

வல்ல அல்லாஹ் நம் பெண்மக்களின் பேறுகாலத்தை இலேசாக்கி, நமக்கும் பொறுப்புணர்ச்சியைத் தந்தருள்வானாக! ஆமீன்.