மாத்திரையை எறிவதுதான் விசுவாசமா?



அம்பத்தூர் ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஒரு சகோதரர் வந்தார். பல வருஷமாய் சர்க்கரை வியாதி. அதோடு வந்த மனச்சோர்வுக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையால் குமட்டல், தூக்கமின்மை, படபடப்பு. “பாஸ்டர், இது கர்த்தர் காட்டுற அடையாளமா? தூக்கிப் போட்டுடட்டுமா?” என்றார்.

முன்பொருமுறை ஒரு சகோதரிக்கு “ஆமென்” சொன்னவன் நான். திடீரென்று நிறுத்தி, தலைசுற்றலும் அழுகையுமாய் அவர் பட்ட பாடு என் நெஞ்சில் இருக்கிறது.

தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் வைத்தியம் சொன்னார், அவிசுவாசி என்று கடிந்துகொள்ளவில்லை (1 தீமோ. 5:23). சாக விரும்பிய எலியாவுக்குத் தூதன் முதலில் கொடுத்தது அப்பமும் தண்ணீரும் (1 இராஜா. 19).

மருந்தின் சரித்திரத்தையும் பாருங்கள். 1952-ல் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட், நோயாளிகளின் மனச்சோர்வையும் நீக்கியது. ஈரலைக் கெடுத்ததால் பின்பு அதைக் கைவிட்டார்கள். ஆனால் வேறு மருந்து தேடுவதை விடவில்லை.

ஒரு மாத்திரை ஒத்துக்கொள்ளாதது பாவமல்ல, தேவகோபமுமல்ல. நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார், அல்லது மாற்றுவார். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் காட்டுங்கள். சாகும் எண்ணம் வந்தால் அன்றே சொல்லுங்கள்; 14416 என்ற அரசு எண்ணில் இரவும் பகலும் பேசலாம்.

மறுநாள் நானும் அவரோடு டாக்டரிடம் போனேன். இப்போது வேறு மாத்திரை; ஜெபமும் தொடர்கிறது. கர்த்தருக்கே மகிமை. ஆமென்.