நா பிறழ்ந்தால் நகைப்பதோ?

“நன்று செய்தாய்!” என்று ஒருவர் நம்மைப் பாராட்டுகிறார். பாராட்டும்போது ஒரு சொல் அவர் நாவிலே சற்று வளைந்துவிடுகிறது. நம் செவியில் விழுவது எது? பாராட்டா, வளைவா?

சிறிய கேள்விதான். எனினும், மனிதனை மனிதன் மதிக்கும் முறை இந்தச் சிறிய கேள்விக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. இதனை நம் உள்ளத்தில் எழுப்பியவர் அறநூல் ஆசிரியர் அல்லர், பேரறிஞரும் அல்லர். ஒரு கேலிச் சித்திரப் பயிற்சியாளர்!

அமெரிக்க நாட்டில், ஜார்ஜியா மாநிலத்தின் தலைநகர் அட்லாண்டா. அங்கே மைக் சாப்மன், மாட் சாப்மன் என்று உடன்பிறந்தார் இருவர். 1996-ஆம் ஆண்டில் மைக், தம் நண்பர் கிரெய்க் ஸோபலுடன் சேர்ந்து, சிறுவர் படநூல்களைக் கேலி செய்யும் நூல் ஒன்றை விளையாட்டாக ஆக்கினார். அந்த விதையிலிருந்து முளைத்து, 2000-ஆம் ஆண்டில் இணையத்தில் ஏறியதுதான் ‘ஹோம்ஸ்டார் ரன்னர்’ எனும் நகைச்சுவைச் சித்திரத் தொடர். விளம்பரதாரர் தயவை நாடாமல், சித்திரம் பொறித்த பனியன் போன்ற பொருள்களை விற்ற பணத்தைக் கொண்டே நடந்த தொடர் அது.

அத்தொடரிலே ஒரு விளையாட்டுப் பயிற்சியாளர் வருகிறார். பெயர் கோச் ஸீ. ஆங்கில எழுத்து வரிசையின் கடைசி எழுத்தே அவர் பெயர். பச்சை நிற உடல். வீரர்களைப் பயிற்றுவிக்கும் ஆர்வம் ஒருபுறம், தாளம் போட்டு ‘ராப்’ பாடும் ஆசை மறுபுறம். பேச்சோ, எந்த ஊர்ப் பேச்சென்று எவரும் சொல்லவொண்ணாப் பேச்சு!

செயல் என்று பொருள்படும் ‘ஜாப்’ எனும் ஆங்கிலச் சொல் அவர் நாவில் நிற்பதில்லை. ‘ஜோர்ப்’ என்று உருமாறி விழுகிறது. ‘கிரேட் ஜாப்’ என்பது அமெரிக்கப் பயிற்சியாளர் தம் வீரனுக்கு அன்றாடம் வழங்கும் பாராட்டு. நம் கோச் வழங்குவதோ ‘கிரேட் ஜோர்ப்’! ‘எ ஜோர்ப் வெல் டன்’ என்ற படம் முழுதும் இந்த ஒரு சொல்லைச் சுற்றியே ஓடுகிறது. பாராட்டப்பட்ட வீரன் ஹோம்ஸ்டார், பாராட்டை விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்கிறான். அவரை ‘ஜாப்’ என்று சொல்லவைக்கப் பெரும்பாடு நடக்கிறது. பயிற்சியாளர் பயிற்சி பெறுபவராகிறார், வீரன் ஆசானாகிறான்!

வேடிக்கைதான், ஐயமில்லை. ஆனால் வேடிக்கையின் உள்ளே ஒரு முள் இருக்கிறது. திருத்தப் புறப்பட்ட ஹோம்ஸ்டாரின் நா எத்தகையது? ‘ர’ என்றும் ‘ல’ என்றும் ஒலிக்க வேண்டிய இடத்தில் ‘வ’ என்று குழறும் நா! கோச், ‘ர’ இல்லாத சொல்லிலே ஒரு ‘ர’வைக் கொண்டுவந்து நுழைக்கிறார். மாணவனோ, ‘ர’ இருக்கும் சொல்லில் அதனைத் தொலைத்துவிட்டு நிற்கிறான். மிகுதி உடையவரைக் குறை உடையவன் திருத்துகிறான். பிறர் நாவின் வளைவு கேட்கும் நமக்கு, நம் நாவின் வளைவு கேட்பதில்லை!

இதனை எழுதும் நாமும் குற்றமற்றவர் அல்லோம். பள்ளி ஆசிரியராகப் பணியேற்ற முதல் ஆண்டு. பாடம் நடந்துகொண்டிருந்தது. வெளியே சென்றிருந்த மாணவன் ஒருவன் ஓடோடி வந்தான். “சார், மளை வருது! உங்க சைக்கிள் நனையுது!” என்றான். நாம் என்ன செய்தோம்? “மளை அன்று, மழை. எங்கே, சொல்!” என்றோம். அவன் முயன்றான், மீண்டும் ‘மளை’ என்றே வந்தது. வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம். ழகரத்தைக் காத்துவிட்ட பெருமை நமக்கு! சைக்கிள் நனைந்தது. அது பெரிதன்று. அடுத்த முறை மழை வந்தபோது, நம்மிடம் ஓடி வந்து சொல்ல ஒருவரும் இல்லை. அது பெரிது.

“ஒரு சிறு சிரிப்புக்கு இத்தனை பேச்சா?” என்று கேட்போர் இருக்கலாம். நாவைக் கொண்டு மனிதனை அளக்கும் கோல் எங்கெங்கே சென்றிருக்கிறது என்பதைக் காணட்டும். விவிலியத்தின் நியாயாதிபதிகள் நூல் ஒரு செய்தி கூறுகிறது. யோர்தான் ஆற்றுத் துறையைக் கடக்க வந்தோரைக் கீலேயாத்தார் மறித்து, ‘ஷிபோலேத்’ என்று சொல்லச் சொன்னார்களாம். ‘சிபோலேத்’ என்றவன் எப்பிராயீமன். அவன் தலை உருண்டது. மாண்டவர் தொகை 42,000 என்கிறது அந்நூல். பழங்கதை என்று தள்ளுவோமா? 1937-ஆம் ஆண்டு, டொமினிக்கன் குடியரசில், சர்வாதிகாரி ட்ருஹியோவின் ஆணையால் ஹைத்தியர் ஆயிரக்கணக்கில் வெட்டி வீழ்த்தப்பட்டனர். ஒரு கீரையின் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொல்லி, அதிலுள்ள ‘ர’ ஒலி பிறழ்ந்தவரை ஹைத்தியர் என்று கண்டனர் என வழிவழிச் செய்தி உரைக்கிறது. அங்கேயும் ஒரு ‘ர’!

சிரிப்பவரெல்லாம் வாளெடுப்பவர் என்று நாம் சொல்லவில்லை. அது அடாத பழி. ஆயினும், “இவன் என்ன சொல்கிறான்” என்பதை மறந்து “இவன் எப்படிச் சொல்கிறான்” என்பதொன்றையே கொண்டு ஆளை எடைபோடும் பழக்கம் இரண்டிடத்தும் ஒன்றே அன்றோ?

அப்படியானால் பிழையைத் திருத்தவே கூடாதா? திருத்தத்தான் வேண்டும். நல்ல உச்சரிப்பு ஓர் உடைமை. அதனை ஏழைப் பிள்ளைக்கு மறுப்பது அன்பாகாது, வஞ்சனையாகும். ஆனால், திருத்தத்திற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பொருளைப் பெற்றுக்கொள். அதற்கு நன்றி சொல். பிறகு, பலர் நடுவே அல்லாமல், ஒலியைக் கற்றுக்கொடு. “சைக்கிளை நிழலில் வைத்துவிட்டு வருவோம், வா தம்பி” என்று அன்று நாம் சொல்லியிருந்தால், போகும் வழியிலேயே ழகரம் வந்திருக்கக்கூடும்!

அவ்வாறெனில் சாப்மன் உடன்பிறந்தார் குற்றவாளிகளா? அல்லர். அவர்கள் படைத்த உலகில் குறையற்றவர் எவரும் இல்லை. உயர்ந்த மேடையில் நின்று கீழே நோக்கிச் சிரிப்பவன் அங்கே கிடையாது. கோச் ஸீக்கும் ஹோம்ஸ்டாருக்கும் குரல் கொடுப்பவர் மாட் சாப்மன் என்ற ஒருவரே! திருத்துபவனும் திருத்தப்படுபவரும் ஒரே தொண்டையிலிருந்து பிறக்கிறார்கள். அந்தத் தொடரின் அன்பர்களோ, ‘கிரேட் ஜோர்ப்’ என்பதையே தம்முள் ஒருவரையொருவர் பாராட்டும் சொல்லாக ஏற்றுக்கொண்டார்கள். பிழை என்று தள்ளிய சொல், நட்பின் அடையாளமாயிற்று. சிரிப்பிலே இருவகை உண்டு. ஒன்று, வட்டத்துக்குள் இழுத்து அணைக்கும் சிரிப்பு. மற்றொன்று, வட்டத்தைவிட்டு வெளியே தள்ளும் சிரிப்பு. எது எந்த வகை என்று அறிய ஒரே சோதனை போதும்: சிரிப்பு அடங்கியபின், அந்த மனிதன் மீண்டும் வாய் திறக்கிறானா?

கோச் ஸீ திறக்கிறார். எத்தனை முறை திருத்தினாலும், அடுத்த ஓட்டம் முடிந்ததும் ‘கிரேட் ஜோர்ப்’ என்கிறார். அவர் சித்திரம், அவருக்கு வலிக்காது. நம் வகுப்பறைப் பிள்ளை சித்திரம் அல்லன்.

அவன் மீண்டும் ஒருநாள் ஓடி வந்து, “மளை!” என்று கூவவேண்டும். அதற்காகவே காத்திருக்கிறோம். அன்று முதலில் எழுந்து மழையைப் பார்ப்போம்.