வாசலில் ஒரு கேள்வி

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு நகரின் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் முற்றத்தில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்களின் ஆராதனை தொடங்கும் நேரம். முதுகில் பையோடு, முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வரப் பார்த்தான். வாசலில் நின்ற சபை அங்கத்தவர் ஒருவர் பைக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தார். வீடியோ கமரா என்று பதில் வந்தது. படம் எடுப்பதென்றால் முதலில் அனுமதி வாங்க வேண்டும் என்று சொல்லி அவர் அவனை வெளியே நிறுத்தினார். சற்று நேரத்தில் குண்டு வெடித்தது. கேட்டவரும் அதில் போனார். இறந்த 31 பேரில் 14 பேர் சிறுவர்கள். மண்டபத்துக்குள் நூற்றுக்கணக்கானோர் இருந்தார்கள்.

அந்தக் கேள்வியை நினைத்துப் பார்க்காமல் இந்த ஊரில் விசுவாசத்தைப் பற்றி இனி எழுத முடியாது. வந்தவனை அவர் ஏசவில்லை, அடிக்கவும் இல்லை. தன் பொறுப்பில் இருந்த ஒரு வாசலில், கேட்க வேண்டியதைக் கேட்டார்.

கேட்கக் கடமைப்பட்ட மற்றவர்கள் கேட்கவில்லை. அன்று நாட்டின் வேறு தேவாலயங்களிலும் நடந்த இந்தத் தாக்குதல் பற்றிய எச்சரிக்கை இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே கொழும்புக்கு வந்துவிட்டது. 17 நாட்கள் கையில் இருந்தன. செய்தி அலுவலகத்துக்கு அலுவலகம் நகர்ந்தது. தேவாலயங்களின் வாசலுக்கு மட்டும் வந்து சேரவில்லை. 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. சிறிசேனவின் பங்காக மட்டும் 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரித்தானியாவின் சேனல் 4 ஓர் ஆவணப்படத்தில் தாக்குதலின் பின்னணி பற்றிப் புதிய குற்றச்சாட்டுகளை வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் மறுத்தார்கள். யார் பின்னால் நின்று இதைச் செய்வித்தார்கள் என்ற கேள்வியைக் கர்தினால் மெல்கம் ரஞ்சித் ஆண்டுதோறும் எழுப்பி வருகிறார்.

இங்கேதான் பல கிறிஸ்தவர்களின் மனம் தடுமாறுகிறது. பிள்ளைகளைப் பறிகொடுத்த இந்தச் சபையிலிருந்தே, காயம் ஆறுமுன், மன்னிப்பைப் பற்றிய பேச்சு எழுந்தது. அது உலகத்தை வியக்க வைத்தது. ஆனால் அந்த வியப்போடு ஒரு மெல்லிய நெருக்குதலும் வந்து சேர்ந்தது: மன்னித்துவிட்டால் பிறகு ஏன் நீதிமன்றம், ஏன் விசாரணை, ஏன் ஆண்டுதோறும் அதே பேச்சு? செபம் செய்துவிட்டு அமைதியாக இருக்கக் கூடாதா?

நற்செய்தியில் ஒரு காட்சி இதற்குப் பதில் சொல்கிறது. தலைமைக் குருவின் வீட்டில், விசாரணையின் நடுவே, காவலன் ஒருவன் இயேசுவின் கன்னத்தில் அறைகிறான். மறுகன்னத்தைக் காட்டச் சொன்ன அதே இயேசு, தான் பேசியதில் என்ன தவறு, எதற்காக அடித்தாய் என்று அவனைக் கேட்கிறார். திருப்பி அடிக்காமல் இருப்பதும் விளக்கம் கேட்பதும் அவரிடம் ஒரே மூச்சில் வந்தன. மன்னிக்கிறவனுக்குத்தான் என்ன நடந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். எதை மன்னிக்கிறோம் என்றே தெரியாமல் மன்னிப்பது எப்படி?

மட்டக்களப்பு வாவிக் கரையில் இந்தக் கேட்கும் மரபு புதிதில்லை. அமெரிக்காவிலிருந்து வந்து மட்டக்களப்பிலேயே வாழ்நாளைக் கழித்த இயேசு சபைக் குரு ஹரி மில்லர், போர்க்காலத்தில் காணாமற்போனவர்களின் விபரங்களைத் திரட்டியவர். ஊர்ச் சமாதானக் குழுவில் நின்று, பிள்ளையைத் தேடி அலைந்த தாய்மாருக்காக அதிகாரிகளிடம் கேட்டவர். அவருடைய சக குருவான யூஜின் ஹேபர்ட் அடிகளார், இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், கூட வந்த தமிழ் இளைஞனோடு காணாமற்போனார். இன்றுவரை தடயம் இல்லை. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான், ஆகஸ்ட் 3 அன்று, பக்கத்து ஊரான காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வணங்கும் இடத்தில் இரத்தம் சிந்துவது 2019இல் தொடங்கவில்லை. 2005 நத்தார் ஆராதனையின்போது புனித மரியாள் பேராலயத்துக்குள் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுடப்பட்டார். அந்தக் கொலைக்கும் இன்னும் பதில் இல்லை.

இந்த ஊரில் கேள்விகள் பிணங்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றன.

அரசிடம் உண்மை கேட்கிறவனுக்குத் தன் கைத்தொலைபேசியிலும் அதே கண்டிப்பு வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளையைச் சிறுவயதில் மனப்பாடம் செய்யும்போது நீதிமன்றக் கூண்டுதான் கண்முன் வரும். இன்று அந்தக் கூண்டு வட்ஸ்அப் குழுவில் இருக்கிறது. 2019 தாக்குதல் நடந்த அன்றே அரசாங்கம் பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் முதலியவற்றை முடக்கியது. ஏப்ரல் 30 அன்றுதான் தடை நீங்கியது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கத்தோலிக்கர் பெருமளவில் வாழும் சிலாபத்தில், ஒரு முஸ்லிம் கடைக்காரர் பேஸ்புக்கில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. வன்முறை குருநாகல், மினுவாங்கொடை என்று பரவி, புத்தளம் மாவட்டத்தில் ஒரு முஸ்லிம் மனிதரின் உயிரையும் குடித்தது. 2018இல் கண்டிப் பகுதியில் முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. பகிர்ந்த விரல்கள் யாருடையவை என்பதற்கு எந்த நிறுவனமும் மன்னிப்புக் கேட்க முடியாது.

உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரானும் இதே தளங்களில்தான் பிரசங்கம் செய்தான். அவன் காத்தான்குடிக்காரன் என்பது எல்லாருக்கும் தெரியும். அவனை எதிர்த்து முதலில் முறையிட்டவர்களும் காத்தான்குடி முஸ்லிம்களே என்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2017 மார்ச்சில் அங்கே சூபி வழியினரோடு நடந்த மோதலுக்குப் பிறகு அவன் தலைமறைவானான். குண்டுதாரிகளின் உடல்களைப் பொறுப்பேற்க மாட்டோம் என்று முஸ்லிம் மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சில கிலோமீற்றர் போனால் வரும் அந்த ஊரின் கடைத்தெருவுக்குத் தமிழர் போவது 2019க்குப் பிறகு குறைந்தது. முறையிட்டவர்களையும் குண்டு வைத்தவனையும் ஒரே பெயரால் அழைத்தது நம் பக்கத்துப் பொய்ச்சாட்சி. இதைச் சபைகள் பிரசங்க மேடையிலிருந்தே சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் சொன்னால்தான் அதற்குக் கனம் இருக்கும்.

பையைப் பார்த்துக் கேட்ட கேள்விக்கும் தாடியையும் முக்காட்டையும் பார்த்துக் கேட்கும் கேள்விக்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவது பதிலுக்காகக் காத்திருக்கும். இரண்டாவது, தீர்ப்பை எழுதி வைத்துக்கொண்டு வரும்.

அன்று முற்றத்தில் நின்று உயிர் தப்பிய பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பலருடைய கையில் சொந்தத் தொலைபேசி இருக்கிறது. உயிர்த்த ஞாயிறு நெருங்கும்போது பழைய படங்களும் புதிய வதந்திகளும் அதில் ஒன்றாக வந்து விழும். எது உண்மை, யார் சொன்னது, யாருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று அவர்கள் வீட்டிலும் சபையிலும் கேட்கத் தொடங்கியிருப்பார்கள். செபம் செய்து மறந்துவிடு என்று அவர்களை அடக்கிவிடாமல், தேவாலய வாசலில் நின்ற அந்த மனிதரைப் பற்றி அவர்களிடம் பேசலாம். 17 நாட்கள் ஒரு நாட்டின் மேசைகளில் கிடந்த கேள்வியை, ஒரு சில நிமிடத்துக்குள், வெறுங்கையோடு நின்று அவர் கேட்டார்.