முன்தேதியிட்ட ரெக்கி ரிப்போர்ட்

எங்கள் துறையில் ஆவணப்படத்துக்கு மொத்தம் 100 மதிப்பெண். அதில் 20, கேமராவைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலைக்கு. ப்ரொபோசல், ட்ரீட்மென்ட், ஷாட் லிஸ்ட், ரெக்கி ரிப்போர்ட் எல்லாம் சேர்த்து ஒரு ஸ்பைரல் ஃபைல். ரெக்கி என்றால் முன்கூட்டியே இடத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு, நாலு பேரிடம் பேசிவிட்டு வருவது. அந்த ஃபைலை எப்போது எழுதுவார்கள் என்று விஸ்காம் படித்தவர்களுக்குத் தெரியும். படத்தை எடிட் செய்து முடித்த ராத்திரி, ஹாஸ்டலில், மேகி தின்றுகொண்டே. நாங்களும் அப்படித்தான். போகாத ரெக்கிக்கு இரண்டு வாரம் முன்தேதி போட்டோம். காலை வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்றுகூட எழுதினோம். 20க்கு 17 கிடைத்தது.

வெறும் சோம்பேறித்தனம் என்று இதை ஒதுக்கிவிட மாட்டேன். எங்களுக்கு அப்போது ஒரு கொள்கையே இருந்தது. பிளான் பண்ணி எடுப்பது விளம்பரப்படம், ஆவணப்படம் என்றால் போய் நிற்கணும், நடப்பதை எடுக்கணும். அதுதான் நேர்மை. முன்னாடியே படித்துவிட்டுப் போனால் கண்ணில் கறை விழுந்துவிடும். கேண்டீனில் உட்கார்ந்து இதைப் பேசும்போது நிஜமாகவே நம்பித்தான் பேசினோம்.

2017 நவம்பர். ஐந்து பேர் பாண்டிச்சேரி பஸ் ஏறி, ஈசிஆரில் மரக்காணத்தில் இறங்கினோம். உப்பளத் தொழிலாளர்கள் பற்றிப் பத்து நிமிடப் படம். கேமரா எங்கள் கையில் இரண்டு நாள்தான் இருக்கும். வாய்ஸ் ஓவர் பஸ்ஸிலேயே பாதி எழுதியாகிவிட்டது. கொளுத்தும் வெயில், வெள்ளை வெளேரென்று உப்பு, வெடித்த பாதங்கள். இறங்கிப் பார்த்தால் தண்ணீர். பாத்திக்கும் வரப்புக்கும் வித்தியாசம் தெரியாமல், கழிவெளி வரைக்கும் ஒரே தண்ணீர். ரோட்டோரமாக உப்புக் குவியல்களைக் கீற்று போட்டு மூடி வைத்திருந்தார்கள். வாருவதற்கு உப்பும் இல்லை, ஆளும் இல்லை.

ஜனவரி, பிப்ரவரியில் தொடங்கி செப்டம்பர் வாக்கில் முடிகிற தொழில் அது. வடகிழக்குப் பருவமழையில் உப்பு விளையாது. டீக்கடைக்கு ஒரு போன் போட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. ஊருக்குள் விசாரித்து அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மாவைப் பிடித்தோம். முப்பது வருஷமாக உப்பு வாருகிறவர். நாங்கள் கேட்டது இதுதான்: ஒரு குவியலில் கீற்றை விலக்கி, கொஞ்சம் உப்பை எடுத்து மேடான இடத்தில் பரப்பி, பலகையால் வாருகிற மாதிரி செய்து காட்ட வேண்டும்.

“அது மொதலாளி உப்பு தம்பி.”

“ரெண்டே நிமிஷம்மா. நாங்களே மூடி வெச்சுடறோம்.”

செய்தார். மூன்று டேக். லோ ஆங்கிளில் வைத்துப் பின்னால் இருந்த தண்ணீரை மறைத்தோம். தூறல் போட்டது, எடிட்டில் கலரை மஞ்சளாக்கி அதை வெயிலாக்கினோம். மூன்றாவது டேக்கில் காவலுக்கு இருந்தவர் தூரத்திலிருந்து கத்திக்கொண்டே வந்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. அந்த அம்மாவைத் திட்டினார். நாங்கள் ட்ரைபாடை மடக்கிக்கொண்டிருந்தோம்.

‘ஆண்டு முழுவதும் இந்த உப்பில் வேகிறார்கள்’ என்று தொடங்குகிறது எங்கள் வாய்ஸ் ஓவர். அவர்களுடைய கஷ்டமே ஆண்டு முழுவதும் வேலை இல்லை என்பதுதான். மழை மாதங்களில் கூலி கிடையாது, கடன் வாங்கித்தான் சாப்பாடு, அந்தக் கடனை அடுத்த சீசன் முழுக்க உழைத்து அடைக்க வேண்டும். சில வருடங்கள் கழித்துத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணமாக 5,000 ரூபாய் அறிவித்த செய்தியைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. எடுக்கவேண்டிய படத்தின் நடுவில் முட்டிவரை தண்ணீரில் நின்றுகொண்டு, அந்தத் தண்ணீரையே ஃபிரேமில் வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

வெறும் கண்ணோடு போகிறோம் என்று பெருமையடித்த ஐந்து பேரிடமும் ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் இருந்திருக்கிறது. எங்கெங்கோ பார்த்த ஃபோட்டோக்களிலிருந்து ஒட்டிக்கொண்டது. விசாரித்திருந்தால் அது கிழிந்திருக்கும். விசாரிக்காததால் அந்த அம்மாவை அதில் நடிக்க வைத்தோம்.

‘பதேர் பாஞ்சாலி’யில் காஷ் பூக்களின் நடுவே அப்புவும் துர்காவும் ரயில் பார்க்கப் போகும் காட்சி எல்லோருக்கும் தெரியும். சத்யஜித் ராய் ஒரு நாள் கொஞ்சம் எடுத்துவிட்டு அடுத்த வாரம் மீதியை எடுக்கப் போனால், பூவையெல்லாம் மாடு மேய்ந்திருந்தது. அடுத்த வருடம் பூக்கும் வரை காத்திருந்து எடுத்தார். இதை வகுப்பில் பொறுமைக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இப்போது வேறொன்று தோன்றுகிறது. எதற்குக் காத்திருக்கிறோம், அது எப்போது திரும்ப வரும் என்று தெரிந்தால்தானே காத்திருக்க முடியும்? எங்களுக்கு உப்பு எப்போது வரும் என்றே தெரியாது. செமஸ்டர் எப்போது முடியும் என்பது மட்டும்தான் தெரியும்.

சரி, விசாரித்தவரெல்லாம் யோக்கியரா? ராபர்ட் ஃப்ளாஹெர்ட்டி இன்யூட் மக்களோடு வருடக்கணக்கில் பழகியவர். அவரளவுக்கு ரெக்கி செய்த மாணவன் எவனும் இருக்க மாட்டான். ஆனாலும் 1922இல் வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ படத்தில், துப்பாக்கி பழகிவிட்ட மனிதர்களைப் பழையபடி ஈட்டியோடு வேட்டையாட வைத்தார். உள்ளே வெளிச்சம் வேண்டுமென்று ஒரு பக்கம் திறந்த பனிவீடு கட்டினார். நானூக்கின் நிஜப் பெயர் அல்லகாரியல்லக். எல்லாம் தெரிந்துதான் செய்தார். ஆக, தெரிந்துகொள்வது மட்டும் போதாது.

எரோல் மோரிஸ் கதை நேரெதிர். மரண தண்டனை வழக்குகளில் அரசுத் தரப்புக்குச் சாட்சி சொல்லும் ஒரு மனநல மருத்துவரைப் பற்றிப் படமெடுக்க டெக்சஸ் போனார். அதற்காகச் சிறையில் கைதிகளைப் பார்த்துப் பேசியபோது ராண்டல் ஆடம்ஸ் என்பவரைச் சந்தித்தார். 1976இல் ஒரு போலீஸ்காரரைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டவர். தான் செய்யவில்லை என்று அவர் சொன்னதை மோரிஸ் தோண்டத் தொடங்கினார். மருத்துவர் படம் நின்றுபோய் ‘தி தின் ப்ளூ லைன்’ வந்தது, 1988இல். அடுத்த வருடம் ஆடம்ஸ் வெளியே வந்தார். போட்ட திட்டத்தை விசாரணை உடைத்தது, அவரும் உடைய விட்டார். எங்கள் ஷாட் லிஸ்டைத் தண்ணீரே வந்து உடைத்தும் நாங்கள் விடவில்லை.

திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நான்கு அதிகாரங்கள் வரிசையாக வரும். ஸ்கூலில் ஒப்பித்தபோது தெரியவில்லை, பார்த்தால் அப்படியே ப்ரீ-புரொடக்‌ஷன் சிலபஸ். காலமறிதல் மண்டையில் ஏறியிருந்தாலே கார்த்திகையில் உப்பளத்துக்குப் போயிருக்க மாட்டோம். ஆனால் அதெல்லாம் அரசனுக்குச் சொன்னது, பகைமேல் போகிறவனுக்கு. எங்களுக்குச் சொல்லித்தந்த பிளானிங்கிலும் அந்த வாடை உண்டு. எந்த நேரம் போனால் ஷாட் கிடைக்கும், யாரைப் பிடித்தால் பெர்மிஷன் கிடைக்கும். போகிறவன் ஜெயிப்பதற்கான கேள்விகள். நாம் போவதால் அங்கிருப்பவருக்கு என்ன ஆகும் என்று கேட்க ஃபைலில் ஒரு பத்தியும் கிடையாது. மாணவர்கள்தானே, கத்துக்கிறாங்க, தப்பு நடக்கத்தான் செய்யும் என்பார்கள். நடக்கட்டும். ஃபோகஸ் தவறினால் நஷ்டம் எனக்கு. ஊரைத் தெரியாமல் போனதற்கான கூலியை அங்கே வேறொருவர் கொடுத்தார். கற்றுக்கொள்கிறவன் என்பதால் எனக்கு அந்த உரிமை எப்படி வந்தது? இதற்கு இன்றுவரை என்னிடம் நல்ல பதில் இல்லை.

மார்ச்சில் நானும் இன்னொருவனும் படத்தைக் காட்டுவதற்காக மறுபடி மரக்காணம் போனோம். அப்போதுதான் நாங்கள் எழுதியிருந்த வெயில் அங்கே இருந்தது. உப்பும் இருந்தது. பாத்திகளில் பெண்கள் வாரிக்கொண்டிருந்தார்கள், அந்த அம்மா இல்லை. வீட்டில் இருந்தார். செல்போனில் முழுசாகப் பார்த்தார்.

“கார்த்தி மாசத்துல எவனாச்சும் உப்பு வாருவானா? பாத்தவங்க சிரிக்கலையா?”

“இல்லம்மா. யாரும் சிரிக்கல.”

அவர்தான் சிரித்தார். இந்த சீசனுக்குத் தன்னை வேலைக்குக் கூப்பிடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றைக்கு நடந்ததாலா என்று கேட்டேன். “யாரு கண்டா, வயசும் ஆச்சுல்ல” என்றார். டீ போட எழுந்தார். வேண்டாம்மா என்று சொல்லியும் கேட்கவில்லை, பக்கத்து வீட்டில் போய்ப் பால் வாங்கி வந்தார்.

போன மாதம் ஒரு ஜூனியர் மெசேஜ் பண்ணியிருந்தாள். எங்கள் ஃபைலைத்தான் துறையில் இப்போதும் மாடலாகக் காட்டுகிறார்களாம், சாஃப்ட் காப்பி இருந்தால் அனுப்புங்கண்ணா என்று. என்ன சப்ஜெக்ட், எந்த ஊர் என்று கேட்டேன். இன்னும் முடிவு பண்ணல, அடுத்த வெள்ளிக்கிழமை ஷூட் என்றாள்.