நம் கோபம் யார் மேல்?



ஆலையிலும் காரியாலயத்திலும் கடையிலும் வேலை பார்க்கும் நீங்கள், பகற்பொழுதின் பெரும்பங்கை வீட்டாரோடல்ல, உடன் வேலை செய்வோரோடுதான் கழிக்கிறீர்கள். அங்கே நம் மனம் எப்படி நடந்துகொள்கிறது என்று விசாரிப்பது நம் கடமை. இவ்வாரம் கோபத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலில் என் குற்றத்தையே சொல்லிவிடுகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு காலையில், கட்டட வேலை சம்பந்தமாகக் கடிதம் ஒன்று வந்தது. பேசிய தொகைக்கு மேல் பெருந்தொகை கேட்டிருந்தார்கள். படித்து மடித்து வைத்தேன். அந்நேரம் கோயில்பிள்ளை வந்து, "சாமி, மெழுகுதிரி தீர்ந்துபோச்சு" என்றார். "இதையும் நான்தான் பார்க்கணுமா?" என்று சத்தம் போட்டேன். என்னிலும் மூத்தவர், பேசாமல் போய்விட்டார். கடிதம் எழுதியவருக்கோ அன்றே மிகுந்த மரியாதையோடு பதில் எழுதினேன்!

இரவு ஆத்தும சோதனையில்தான் இது உறைத்தது. மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னார்: "கடுதாசியைப் பிரிக்கும்போதே சாமி முகம் மாறினதைப் பார்த்தேன். நான்தான் கொஞ்சம் பொறுத்து வந்திருக்கணும்."

என் கோபம் எனக்குத் தெரியுமுன்னே அவருக்குத் தெரிந்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். கீழே வேலை பார்ப்பவன் தன் பிழைப்புக்காக மேலதிகாரியின் முகக்குறியைப் படிக்கப் பழகிக்கொள்கிறான். மேலே இருப்பவனுக்கோ அந்த அவசியமில்லை. ஆகவே தன் முகத்தையே அறியாதவனாகிறான்.

"கோபம் தானாக வருகிறது, அதற்கு நான் என்ன செய்வேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். உணர்ச்சி தன்னளவில் நன்மையுமல்ல, தீமையுமல்ல. மனது அதை ஏவும்போதும், தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் விடும்போதுமே அது நம் கணக்கில் ஏறுகிறது என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்குகிறார். ஆனால் வந்திருப்பதே தெரியாத ஒன்றை எப்படித் தடுப்பது? ஆகையால் கோபத்தை அடக்குவதற்கு முன், அதைக் கண்டுகொள்வதே நம் முதற்கடமையாகிறது.

கோபத்தை, எஜமான் சொல்வதைப் பாதி கேட்டுவிட்டு ஓடுகிற அவசரக்கார வேலைக்காரனுக்கு ஒப்பிட்டார் அரிஸ்டாட்டில். அவன் ஓடுவது பெரும்பாலும் எதிர்த்துப் பேச முடியாதவனிடந்தான். அதனால்தான் திருவள்ளுவரும் வெகுளாமை அதிகாரத்தை, கோபம் செல்லக்கூடிய இடத்தில் அதைக் காப்பவனைக் கொண்டே தொடங்குகிறார். அதிகாரிக்கு முன் நாம் அடங்கியிருப்பது பொறுமையல்ல, பயம். நம் பொறுமைக்குப் பரீட்சை, நமக்குக் கீழே இருப்பவர் முன்புதான்.

இதை இக்காலத்தார் உணர்ச்சி நுண்ணறிவு என்கிறார்கள். 1990-ல் சாலவே, மேயர் என்னும் இரு உளநூல் அறிஞர் இதைக் குறித்து எழுதினர். 1995-ல் டேனியல் கோல்மன் எழுதிய நூலால் இது உலகெங்கும் பரவிற்று. நம்மிடமோ பழைய வழி ஒன்று இருக்கிறது. 1548-ல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ஞானப் பயிற்சிகளில், அர்ச். இஞ்ஞாசியார் ஒரே ஒரு குறையைத் தேர்ந்துகொண்டு, மதிய உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் தன்னைச் சோதிக்கச் சொல்கிறார். தவறிய ஒவ்வொரு தடவைக்கும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இன்றைய புள்ளிகளை நேற்றையவற்றோடு ஒப்பிட வேண்டும். தவறிய அக்கணமே கையை மார்பில் வைத்து வருந்த வேண்டும்; பிறர் நடுவிலும் அவர்கள் கவனியாதபடி இதைச் செய்யலாம் என்கிறார்.

கோபமே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூலியைப் பிடித்துக்கொள்பவனிடமும், உடன் வேலை செய்யும் பெண்ணை இழிவாகப் பேசுபவனிடமும் கோபப்படுவது நியாயம். அது சேர வேண்டியவனிடம் சேரட்டும். வழியில் நிற்கும் எளியவன் மேல் விழ வேண்டாம்.

நாளை வேலைக்குப் போனதும் குரல் உயரப்போகும் நேரத்தில் கையை மார்பில் வைத்து, "இது இவர் மேல் வந்த கோபந்தானா?" என்று கேளுங்கள். தவறிப்போனால் ஒரு புள்ளி வையுங்கள், மன்னிப்புக் கேளுங்கள். என் நோட்டுப் புத்தகத்தில் இவ்வாரம் நான்கு புள்ளிகள் இருக்கின்றன.

உங்கள் பங்குச் சுவாமியார்