மனையறிவு யாருக்குரியது?

மனையியல் கற்கப் பல்கலைக்கழகம் எதற்கு, அடுப்படியில் தாயிடம் கற்றால் போதாதா என வினவுவோர் நம்மிடையே உளர். பெண்ணுக்கு ஏற்ற படிப்பு இதுவே என மகிழ்ந்து மகளைச் சேர்ப்போரும் உளர். இல்லத்தைப் பற்றிய அறிவு எளியது, அது பெண்ணுக்கு மட்டுமே உரியது என்பதில் இவ்விரு சாராரும் ஒன்றுபடுகின்றனர்.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. வாழ்வியல் மெய்யறிவை அவர்கள் மூன்றாக வகுத்தனர். தன்னைத் திருத்தும் ஒழுக்கம் ஒன்று. 'தத்பீருல் மன்ஸில்' எனும் மனையாட்சி மற்றொன்று. நாட்டை நடத்தும் அரசியல் பிறிதொன்று. 13ஆம் நூற்றாண்டில் நஸீருத்தீன் தூஸி பாரசீகத்தில் யாத்த 'அக்லாகே நாஸிரி' இம்மூன்று பகுதிகளாகவே அமைந்துள்ளது. வருவாய், செலவு, மக்கட்பேறு, வளர்ப்பு யாவும் அரசியலுக்கு அருகிலேயே வைத்து ஆராயப்பட்டன. அந்நூல் அறிவுரை பகர்ந்ததோ குடும்பத் தலைவனான ஆடவனுக்கு!

இன்று இக்கல்வி விரிந்துள்ளது. உணவூட்டம், குழந்தை வளர்ச்சி, குடும்ப வரவுசெலவு, நுகர்வோர் உரிமை ஆகியன அதன் பிரிவுகள். 1957இல் மகளிர் மனையியல் கல்லூரியாகக் கோவையில் தோன்றிய அவினாசிலிங்கம் நிறுவனம், 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. தாயின் கைப்பக்குவம் ஏட்டில் வாராது, உண்மை. ஆயினும் உறையிலிட்டு விற்கும் பண்டத்தில் உப்பும் சர்க்கரையும் எவ்வளவு என்பதைக் கைப்பக்குவம் காட்டாது. அளவையில் வஞ்சிப்போரைக் கண்டிக்க ஓர் அத்தியாயமே அருளப்பெற்ற சமுதாயத்தார், வாங்கும் பொருளை ஆராயும் கல்வியை இகழலாமா?

ஆயின், பட்டம் பெற்றவள் புகுந்த வீட்டில் காண்பதென்ன? கருவுற்றவளுக்கு இரும்புச்சத்தும் புரதமும் மிகுதியாக வேண்டுமென அவள் கற்றிருக்கிறாள். அங்கோ, எல்லாரும் உண்டெழுந்த பின் சட்டியில் எஞ்சிய ஆணமே அவள் பங்கு. வரவுக்குள் செலவை அடக்கும் முறையை அவள் அறிவாள். கடன்பட்டு நடத்தும் விருந்தைப் பற்றி அவளிடம் ஒருவரும் ஒரு சொல் கேட்பதில்லை. கேட்பாரற்ற அறிவால் வீட்டுக்கு என்ன பயன்?

குழந்தைக்குப் பால் மறக்கச் செய்வதைக் கூட, தாயும் தந்தையும் மனமொப்பிக் கலந்தாலோசித்துச் செய்யுமாறு திருமறை (2:233) வழிகாட்டுகிறது. அத்துணைச் சிறு செயலுக்கே 'மஷூரா' உண்டெனில், மனையின் ஏனைய கருமங்களுக்கு இல்லாமற் போகுமா? ஆலோசனைக்கு இருவர் வேண்டும். இருவருக்கும் அறிவு வேண்டும். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் இல்லத்தில் குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டதை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். அந்தப் பணி ஆண்மைக்கு இழுக்கென எண்ணும் நாம், யாருடைய வழியைப் பின்பற்றுகிறோம்?

ஆகவே, மகளை இக்கல்விக்கு அனுப்புவோர், அதன் பாடங்களை மகனுக்கும் புகட்டுவாராக. கற்றுவந்த மருமகளிடம், "இதில் உன் கருத்தென்னம்மா?" என மாமியும் மாமாவும் வினவுவாராக. கல்வி ஓர் அமானிதம். கற்றவளுக்கு மட்டுமன்று, அவளை ஏற்ற இல்லத்தார்க்கும் அது அமானிதமே. அதைப் பேணும் நல்லுள்ளத்தை வல்ல நாயன் நமக்கு அருள்வானாக!