அவங்க இங்க இல்ல

எனக்கு அப்போது பதினேழு வயது. எஸ்பிஎம் தேர்வுக்கு இரண்டு மாதம் இருந்தது. ஜொகூர் பாருவில் எங்கள் தாமானில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கேட்டுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"தம்பி, பக்கத்து வீடு பூட்டியிருக்கு. அங்க ஒரு சின்னப் பையன் வந்து தங்கியிருக்கானா? எட்டு வயசு."

"இல்ல அங்கிள். அங்க யாரும் இல்ல."

அந்தப் பையன் அப்போது எங்கள் வீட்டு ஹாலில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான். சிங்கப்பூரில் பிறந்து, அங்கேயே பள்ளிக்குப் போனவன். அவன் அம்மாவை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஜூன் விடுமுறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு பாலம் தாண்டி வந்தவர், திரும்பிப் போகவில்லை. அப்பா வீட்டில் இருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தியிடம் வந்து தங்கினார். புருஷன் அடிப்பார் என்று அக்கா சொன்னார். கையில் இருந்த தழும்பை என் அம்மா பார்த்திருக்கிறார். "யாரு வந்து கேட்டாலும் இல்லன்னு சொல்லிடு" என்பது அம்மாவின் உத்தரவு.

வந்தவர் சண்டை போடவில்லை. பையை எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போனார். உள்ளே பையனின் பள்ளிச் சப்பாத்து. அதைப் பார்த்ததும் அவன் கேட்டான்: "அப்பா வந்தாரா?"

"இல்லடா, போஸ்ட்ல வந்துச்சு" என்றேன்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு பொய். முதல் பொய்யைப் பற்றி எனக்கு இன்னும் குழப்பம் இருக்கிறது. இரண்டாவதைப் பற்றிக் குழப்பமே இல்லை. அது தவறு.

*

நடந்ததற்குச் சட்டத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எல்லை கடந்த குழந்தைக் கடத்தல், கடத்துவது பெற்றவரே. 'கடத்தல்' என்ற சொல் அக்காவோடு ஒட்டவே மறுத்தது. சமையலறையில் அழுதுகொண்டே வெங்காயம் நறுக்கியவரைக் கடத்தல்காரி என்று எப்படிச் சொல்வது?

1980 அக்டோபர் 25 அன்று ஹேக் நகரில் உருவாகி, 1983 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை ஒன்று இதைப் பற்றிப் பேசுகிறது. அது குற்றவியல் சட்டம் அல்ல, சிவில் சட்டம். யாரையும் சிறையில் போடுவது அதன் வேலை இல்லை. பதினாறு வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளையை, மற்றவரின் பராமரிப்பு உரிமையை மீறி வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்விட்டால், அந்தப் பிள்ளையை அது வழக்கமாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பு என்கிறது. ஆறு வாரத்துக்குள் முடிவெடுக்கப் பார் என்றும் சொல்கிறது.

கவனிக்க வேண்டியது, பிள்ளை திரும்பிப் போவது நாட்டுக்கு. அப்பாவின் கைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. அம்மாவும் கூடப் போகலாம். இரண்டு பேரில் யார் நல்லவர், பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்ற கேள்விக்குள் இந்த நீதிமன்றம் போகவே கூடாது. அதை அந்தப் பிள்ளையின் ஊர் நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இருப்பதிலேயே முக்கியமான கேள்வியைக் கேட்காமல் விடுவது என்ன நீதி?

சாலமோன் ராஜாவின் கதை நமக்குத் தெரியும். ஒரு பிள்ளைக்கு இரண்டு தாய்கள் சண்டை போட, இரண்டாக வெட்டு என்கிறார் ராஜா. உண்மையான தாய் விட்டுக்கொடுக்கிறாள். ஆனால் அந்தத் தந்திரம் பலித்ததற்குக் காரணம், இரண்டு பேரில் ஒருத்தி பொய்க்காரி. எங்கள் கேட்டில் நின்றவரும் உண்மையான அப்பா. உள்ளே ஒளிந்திருந்தவரும் உண்மையான அம்மா. விட்டுக்கொடுப்பவர்தான் உண்மையானவர் என்று இங்கே சொன்னால், பையனைத் தூக்கிக்கொண்டு ஓடாமல் சப்பாத்தை மாட்டிவிட்டுப் போனவர்தான் ஜெயிக்க வேண்டும். அதையும் என்னால் ஏற்க முடியவில்லை. அடிக்கிறவர்கள் அமைதியாகவும் நடந்துகொள்வார்கள்.

ஆக, ராஜாவால் தீர்க்க முடியாததைத் தூர தேசத்து நீதிபதி ஒருவர் அவசரமாகத் தீர்க்க வேண்டாம் என்கிறது சட்டம். இப்போது யோசித்தால் அது அடக்கமாகத்தான் படுகிறது. இன்னொரு காரணம், காலம். பிள்ளைகளுக்குச் சீக்கிரம் பழகிவிடும். புதுப் பள்ளி, புது நண்பர்கள், புது மொழி. ஒளித்து வைத்த நாட்களே ஒளித்து வைத்தவருக்குச் சாட்சியாகிவிடும். "இங்கயே நல்லா பழகிட்டான், எதுக்கு அலைக்கழிக்கணும்?" சட்டத்துக்கும் இது தெரியும். ஓராண்டுக்குள் வழக்கு வந்தால் உடனே திருப்பி அனுப்பு. அதற்குப் பிறகு வந்தால், பிள்ளை புது இடத்தில் வேரூன்றிவிட்டதா என்றும் பார் என்கிறது. இது அரைகுறைத் தீர்வுதான். தவறு செய்தவருக்குப் பலன் போகிறது என்று எரிச்சலாக இருக்கும். ஆனால் அப்பாவுக்கு நடந்த அநியாயத்தைச் சரிசெய்ய, பிள்ளையை இன்னொரு முறை பிடுங்கி நட முடியுமா?

*

இதுவரை நான் அப்பாவின் பக்கம் பேசியிருக்கிறேன். அக்காவின் பக்கமும் பேச வேண்டும்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களின் மனதில் இருந்தது, விவாகரத்தில் தோற்ற கோபத்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஓர் அப்பா. நடப்பது வேறு. 2015ஆம் ஆண்டு வழக்குகளை எடுத்துப் பார்த்த ஆய்வில், பிள்ளையைக் கொண்டுபோனவர்களில் 73 விழுக்காட்டினர் தாய்மார்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி வளர்த்தவர்கள். அவர்களில் அடி தாங்காமல் ஓடியவர்களும் உண்டு. 'பிள்ளையின் வீட்டுக்குத் திருப்பி அனுப்பு' என்கிறோம். அந்த ஊரில் அவளுக்கு வேலை இல்லை, சொந்தம் இல்லை, சில சமயம் விசாவும் இல்லை என்றால்?

திருப்பி அனுப்புவது பிள்ளைக்குக் கடும் அபாயம் என்றால் மறுக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. விவரம் தெரிந்த வயதில் பிள்ளையே மறுத்தால், அதையும் கேட்கலாம். ஆனால் அம்மாவை அடிப்பது பிள்ளைக்கு அபாயமா என்பதில் நீதிமன்றங்கள் ரொம்ப நாள் தயங்கின. 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இத்தாலியிலிருந்து ஒரு தாய் கொண்டுவந்த பிள்ளையின் வழக்கில், கடும் அபாயம் என்று தெரிந்த பிறகும் 'இந்த ஏற்பாடு செய்து அனுப்பலாமா, அந்த ஏற்பாடு செய்து அனுப்பலாமா' என்று எல்லா வழிகளையும் தேடியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று சொன்னது. என் கருத்து எளிமையானது. அறைக்கு வெளியே அம்மா அடி வாங்கும் சத்தத்தைக் கேட்டு வளரும் பிள்ளையும் அடி வாங்கும் பிள்ளைதான்.

*

தமிழர் வாழும் நாடுகளை எடுத்துக்கொள்வோம். இலங்கை 2001இல் இந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. சிங்கப்பூரில் 2011 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. இந்தியா சேரவில்லை, அங்கே உச்ச நீதிமன்றம் 2017இல், வெளிநாட்டுத் தீர்ப்பு பல அம்சங்களில் ஒன்று மட்டுமே, பிள்ளையின் நலனே முதன்மை என்றது. மலேசியாவும் சேரவில்லை. பாலம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்தப் பக்கம் இருக்கும் சட்டம் இந்தப் பக்கம் இல்லை. அந்த அப்பா இங்கே வழக்குப் போட்டிருக்கலாம். பிள்ளையின் நலன் என்ன என்று நீதிமன்றம் முதலிலிருந்து விசாரித்திருக்கும். அது ஆறு வாரத்தில் முடிகிற விசாரணை இல்லை.

அதனால்தான் அவர் பிளாஸ்டிக் பையோடு வீடு வீடாக வந்தார். அதனால்தான் அக்காவும் ஜன்னல் திரையை இழுத்துவிட்டே வாழ்ந்தார். சட்டம் இல்லாத இடத்தில் இரண்டு பேருமே ஒளிந்தும் தேடியும்தான் ஆக வேண்டும். நடுவில், பதினேழு வயதுப் பையன் ஒருவன் கேட்டில் நின்று நீதிபதி வேலை பார்க்கிறான். என்னிடம் இருந்தது இரண்டே பதில். உண்மையைச் சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்ல வேண்டும். "அவன் நல்லா இருக்கான் அங்கிள். ஆனா நீங்க இப்படி வரக்கூடாது, இந்த இடத்துல போய்க் கேளுங்க" என்று மூன்றாவது பதில் சொல்ல, அந்த 'இடம்' இருந்திருக்க வேண்டும். ஹேக் உடன்படிக்கை குறையுள்ளதுதான். அக்கா போன்றவர்களுக்கு இன்னும் கவனமாக அது திருத்தப்பட வேண்டும். இருந்தாலும் மலேசியா அதில் சேர வேண்டும் என்று நான் நினைப்பது அந்த மூன்றாவது பதிலுக்காகத்தான்.

அந்த வருடக் கடைசியில் அக்கா பையனோடு வேறு ஊருக்குப் போய்விட்டார். சப்பாத்து அவனுக்கு அதற்குள் சின்னதாகிவிட்டிருந்தது. சித்தி அதை ரொம்ப நாள் வாசல் ஷெல்ஃபில் வைத்திருந்தார்.

அவனுக்கு இப்போது இருபது தாண்டியிருக்கும். எங்கேயாவது பார்த்தால், முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும். போஸ்டில் வரவில்லைடா. உங்க அப்பா வந்தார்.